மூன்று கிலோ காற்று

மகள் அப்போது பதினொன்றாம் வகுப்பு. பள்ளிக் கண்காட்சிக்கு மேசைகள் குறைவு. மறுநாள் இயற்பியல் ஆசிரியையிடம் சோதனையைச் செய்து காட்டி, கணக்கும் சரியாக வந்தால்தான் அவளுக்கு ஒரு மேசை.

சோதனை எளிது. முனையை அடைத்த ஊசிக்குழாய், உள்ளே பதினாறு மில்லி காற்று, தண்டின் தலையில் எடைக்கல். அழுத்தம் இரு மடங்கானால் பருமன் பாதியாக வேண்டும். கல்லுக்குப் பஞ்சமில்லை. செஞ்சியில் எங்கள் வீட்டு முன்பக்கம் மனைவியின் மல்லாட்டைக் கடை, வேர்க்கடலை வியாபாரம். மின்தராசு வந்தபின் பழைய கற்கள் மூலையில் கிடந்தன.

“ஆட்டாம புடி நைனா!”

“நான் ஆட்டல. உன் கொழாதான் ஆடுது.”

ஒரு கிலோவுக்குக் காற்று பன்னிரண்டு மில்லியில் நின்றது. இரண்டு கிலோவுக்கு ஆறு வர வேண்டும். பத்துக்குக் கீழே இறங்க மறுத்தது.

கடையிலிருந்து மனைவி குரல் கொடுத்தாள். “இன்னாடி, முடியலையா? பேசாம படம் வரைஞ்சு ஒட்டு.”

“டென்சன் ஏத்தாதம்மா!”

எனக்கு இயற்பியல் மறந்துபோய் வெகுகாலம். நான் செய்தியாளன்; யார் என்று கேட்கத்தான் தெரியும், கேட்டேன். “கல்லே இல்லாதப்ப தண்டு பதினாறுல நிக்குதே, அத யாரு அமுக்கிட்டு இருக்கா?”

மகள் பதில் சொல்ல வாயைத் திறந்தாள், சிரித்துவிட்டாள். கடை வீட்டுப் பிள்ளை. தராசைப் பார்த்தால் முதலில் சாக்கின் எடையைக் கழிப்பது அவளுக்குப் பேச்சு வந்த நாளிலிருந்து பழக்கம். நோட்டில் கல் வைக்காத தண்டுக்கு நேராகவும் எடை பூஜ்யம் என்று எழுதியிருந்தாள்.

“சாக்குன்னு நெனச்சு வெளிக்காத்தையே கழிச்சுட்டேன் நைனா.”

குழாயின் அகலத்தை அளந்து கணக்குப் போட்டாள். தண்டின் மேல் ஏற்கெனவே மூன்று கிலோவுக்குச் சற்று அதிகமாகக் காற்று உட்கார்ந்திருந்தது. அதையும் கல்லின் எடையோடு சேர்த்து, உள்ளே நின்ற காற்றின் பருமனால் பெருக்கினாள். ஒரு கிலோவுக்கும் இரண்டு கிலோவுக்கும் விடை ஐம்பத்தொன்றை ஒட்டியே வந்தது; கணக்கு சரி.

“அப்ப என் தலைமேலயும் காத்து குந்தினு இருக்குதா?” என்றாள் மனைவி.

“நெறையவேம்மா.”

“அதான் தலைவலி. போய் காப்பி போடு.”

மறுநாள் ஆசிரியை கேட்டாராம், அந்த மூன்று கிலோ கல் எங்கே என்று. தண்டை மேலே இழுத்து விட்டுப் பாருங்கள் மிஸ் என்றிருக்கிறாள் மகள். இழுத்து விட்டதும் அது தானாக உள்ளே ஓடியது. ஆசிரியை இன்னொரு முறை இழுத்துப் பார்த்துவிட்டு மேசையைக் கொடுத்தார்.

கண்காட்சியில் வந்தவர்கள் எல்லோரும் இழுத்தார்கள். மதியத்துக்குள் தண்டின் ரப்பர் தளர்ந்து காற்று கசிந்தது. மகள் போன் செய்து, புது ஊசிக்குழாய் வாங்க என்னை மருந்துக்கடைக்கு விரட்டினாள்.