எங்கள் வாசலில் ஒரு பட்டாள வண்டி

அந்த வண்டி வந்த அன்று காம்பவுண்டுச் சுவரில் பாதியை இடித்துத்தான் உள்ளே விட வேண்டியிருந்தது. ராணுவம் கழித்துக்கட்டிய பழைய டிரக். நாலு சக்கரமும் இழுக்கும், மலையானாலும் சேறானாலும் ஏறிப்போகும் என்று என் கணவர் பெருமையடித்தார். மைசூரில் எங்கள் வீட்டுக்கு என்னவோ அது கிரேனில் தொங்கிக்கொண்டுதான் வந்தது. குண்டலுபேட்டைப் பக்கத்துத் தோட்டக்காரர் ஒருவர் அதை ஏலத்தில் எடுத்து, மஞ்சள் பெயின்ட் அடித்து, முட்டைக்கோஸ் ஏற்றி ஓட்டி, இனி ஓடாது என்றானதும் கிணற்றடியில் நிறுத்தியிருக்கிறார். அதைத்தான் இவர் புதுப்பெண்ணை அழைத்து வருவதுபோல் இளித்துக்கொண்டே அழைத்து வந்தார்.

"ரிடையரானவங்க ரோஜாச் செடி வளர்ப்பாங்க, கோயில் குளம்னு போவாங்க. உங்கப்பா இரும்புச் சனியனைத் தூக்கிட்டு வந்திருக்காரு" என்று மகளிடம் போனில் பொரிந்து தள்ளினேன். அவள் பெங்களூரில் இருந்துகொண்டு சிரித்தாள்.

"அம்முணி, இதை நல்லாக்கி, உன்னையப் பக்கத்துல உக்கார வெச்சு, எல்லையில பாலாறு செக்போஸ்ட் தாண்டி மேட்டூருக்குக் கூட்டிட்டுப் போறனா இல்லையான்னு பாரு" என்றார் அவர். நான் முகவாயைத் தோளில் இடித்துக்கொண்டு உள்ளே போனேன். மேட்டூர் என் அம்மா வீட்டு ஊர். என்னை எப்படி மடக்குவது என்று அவருக்குத் தெரியும்.

அவர் பாலாற்றுக்கு இந்தப் பக்கம் ஹனூர்க்காரர், வீட்டில் பேசியது தமிழ். மீசை அரும்பிய வயதில் பட்டாளத்தில் டிரைவராகச் சேர்ந்தவர். இதே மாதிரி வண்டிகளைத்தான் பனிமலையில் ஓட்டியிருக்கிறார். கல்யாணமாகி நெடுங்காலம் அவர் அங்கே, நான் கைக்குழந்தையோடு மைசூரில். தையல் மிஷின்தான் எனக்குத் துணை. வருஷத்துக்கு ஒருமுறை டிரங்குப் பெட்டியோடு வருவார். குழந்தைக்குக் கூச்சம் தெளிந்து மடியில் ஏறும் நேரத்தில் லீவு முடிந்து கிளம்பிவிடுவார். பட்டாளத்திலிருந்து வந்த பிறகும் ஒரு தொழிற்சாலையில் பஸ் ஓட்டினார். ஒருவழியாக இரண்டு பேரும் ஒரே வீட்டில் நாள் முழுக்க இருக்க ஆரம்பித்தபோது அந்த டிரக் வந்து நடுவில் உட்கார்ந்துகொண்டது.

வாசல் முழுக்க மண்ணெண்ணெய் வாடை. போல்டையும் நட்டையும் என் இட்லித் தட்டில் ஊறப்போட்டிருந்ததைப் பார்த்து நான் போட்ட சத்தம் தெருக்கோடி வரை கேட்டிருக்கும். ஆனால் சண்டை போடப் போட நானும் அந்த வேலைக்குள் விழுந்துவிட்டேன். மேல்கூடாரத்துக்குக் கான்வாஸ் தைக்க வேண்டும் என்றார். என் மிஷின் ஊசி படபடவென்று முறிந்தது. கோணி ஊசியை எடுத்துக் கையாலேயே தைத்தேன், விரலெல்லாம் புண். அவர் பங்குக்கு எனக்காக வண்டியின் அமைப்பையே கொஞ்சம் மாற்றினார். இடது பக்கம் இருந்த பலகை சீட்டை எடுத்துவிட்டு அகலமாக மெத்தை சீட்டு வைத்தார். எனக்கு முழங்கால் வலி என்று கீழே ஒரு படியும், பிடித்து ஏற ஒரு கம்பியும் வெல்டிங் செய்துகொடுத்தார். வாய்விட்டு அன்பாக ஒரு வார்த்தை பேசாத மனுஷன் அது.

ஒரு நாள் கார்புரேட்டரைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். டீ கொண்டுபோனேன். "இது என்னது?" என்று என்னையே கேட்டார். விளையாடுகிறார் என்று நினைத்தேன். பிறகு கடைக்குப் போனவருக்கு வீட்டுக்கு வழி தெரியவில்லை. இன்னொரு நாள் சட்டையை உள்பக்கம் வெளியே தெரியப் போட்டுக்கொண்டு வந்து நின்றார். மூளை கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்கிற நோய், திருப்ப முடியாது என்றார் டாக்டர். பழகிய வேலை எதையாவது செய்ய விடுங்கள், நல்லது என்றும் சொன்னார். முதலில் சொன்னதை விட்டுவிட்டு இரண்டாவதை மட்டும் முந்தானையில் முடிந்துகொண்டு வந்தேன்.

அதற்குள் அவர் என்னை 'வாங்க, போங்க' என்று விருந்தாளியிடம் பேசுவதுபோல் பேச ஆரம்பித்திருந்தார். நான் யாரென்று அவருக்கு மறுபடி தெரிய வேண்டும், எனக்கு வேண்டியது அது ஒன்றுதான். வண்டி நல்லானால் அவரும் நல்லாகிவிடுவார் என்று எப்படியோ மனதில் பதிந்துவிட்டது. பக்கத்துத் தெரு மெக்கானிக் ஒருவரைத் தினமும் வீட்டுக்கே வரச்சொன்னேன்.

மூன்று பேருமாக உப்புத்தாளைப் போட்டு மஞ்சள் பெயின்ட்டைத் தேய்த்தோம். அடியில் பட்டாளத்துப் பச்சை தெரிந்தது. கதவில் வெள்ளை எண்கள். அவர் தேய்ப்பதை நிறுத்தி அந்த எண்களை விரலால் தடவினார். அவர் முதுகு நிமிர்ந்தது.

மறுநாள் காலை நான் பால் காய்ச்சுவதற்குள் குளித்து, கழுத்துவரை பட்டன் போட்டு, வண்டியருகே நின்றார். பட்டாள டிரைவர்கள் காலையில் வண்டியைக் கிளப்பும் முன் செய்கிற சோதனைக்கு முதல் பரேடு என்று பெயர். எண்ணெய், தண்ணீர், பெல்ட், டயர் என்று பார்த்துக்கொண்டே வந்து, கடைசியில் சின்னச் சுத்தியலால் சக்கர நட்டுகளைத் தட்டிச் சத்தத்தைக் கேட்பார்கள். ஒன்று பிசகாமல் அத்தனையும் செய்தார். நான் அடுப்படியில் நின்று சந்தோஷத்தில் அழுதேன்.

"பழைய பச்சையே அடிச்சிடு தம்பி" என்றேன் மெக்கானிக்கிடம்.

"அந்தக் கலர் மிலிட்டரிக்கு மட்டும்தான் அக்கா. அதோட ரோட்டுல எடுக்க ஆகல்ல. மாத்தலே பேக்கு" என்று கன்னடம் கலந்து சொன்னார். கலரை மாற்றியே ஆக வேண்டுமாம்.

"ரோட்டைப் பத்தி அப்புறம் பாத்துக்கலாம். நீ அடி."

பச்சை அடித்தோம். பச்சைக் கான்வாஸ் வாங்கிக் கூடாரத்தை முதலிலிருந்து மறுபடி தைத்தேன். ஒவ்வொரு நாளும் அவருக்கு ஏதாவது ஞாபகம் வந்தது. கணவாய்களின் பெயர், மேஜரின் கோபம், உறைந்துபோன என்ஜின் ஆயிலை நெருப்பு மூட்டி இளக்கிய கதை. நன்றாகச் சாப்பிட்டார். நான் மட்டும் ஞாபகத்துக்கு வரவில்லை. பழைய நாட்களிலிருந்து வரிசையாக வந்துகொண்டிருக்கிறார், அடுத்தது நான்தான் என்று மகளிடம் சொன்னேன்.

என்ஜின் கிளம்பியது ஒரு மாலையில். மெக்கானிக் பேட்டரியை இணைத்துக் கொடுக்க, அவர் ஸ்டியரிங்கில் உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். இருமி, புகை கக்கி, பிடித்துக்கொண்டது. நான் கம்பியைப் பிடித்து ஏறி என் சீட்டில் உட்கார்ந்தேன். அவர் விறைப்பாக நிமிர்ந்தார். என் பக்கம் முகத்தைத் திருப்பவில்லை.

"எங்க போகணுமுங்க மேம்சாப்?"

அதிகாரிகளின் மனைவிமாரைச் சிப்பாய்கள் கூப்பிடுகிற பெயர் அது. வாயில் வந்ததைச் சொன்னேன். "மைசூருக்கு."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "மேம்சாப் தமிழுங்களா? எங்க ஊடும் மைசூருதானுங்க. சம்சாரம் கைக்கொழந்தையோட தனியா இருக்குதுங்க. பொழுதுக்கும் மிசின் மிதிச்சுக் காலெல்லாம் வீங்கிப்போவுது. கேட்டா ஒண்ணுமில்லைங்கும். எனக்குத் தெரியுமுங்க."

நான் புடவையை இழுத்துக் காலை மூடிக்கொண்டேன்.

"லெட்டர்ல நலம், நலமறிய ஆவல்னு மட்டும்தான் எழுதறனுங்க. அதுக்கு மேல எழுத வரமாட்டேங்குது. நெனைக்காத நாளில்லைங்க. சாரு கிட்டச் சொல்லி ஒரு லீவு வாங்கித் தர்றீங்களா?"

இத்தனை காலம் குடும்பம் நடத்தி இதில் ஒரு சொல்லை நான் கேட்டதில்லை. அங்கே நிம்மதியாகத்தான் இருந்தார் என்று உள்ளுக்குள் ஒரு கோபம்கூட வைத்திருந்தேன். வண்டி அவரைச் சரியாகத்தான் கொண்டுபோய்ச் சேர்த்திருந்தது. நான் கூட இல்லாத வருஷங்களுக்கு. தேய்த்தும் தைத்தும் பச்சை அடித்தும் அந்த வழியைப் போட்டுக்கொடுத்தது என் கைதான்.

"லீவு கிடைச்சாச்சு" என்றேன். "இப்பவே கிளம்புங்க."

என்ஜினை முறையாக அணைத்தார். இறங்கி ஒரு சல்யூட் அடித்தார். விறுவிறுவென்று கேட்டுக்குப் போய்த் தெருவின் இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்தார். வீடு அவருக்குப் பின்னால் இருந்தது. நான் இறங்கிப் போய் அவர் கையைப் பிடித்தேன். "வாங்க, நான் கூட்டிட்டுப் போறேன்."

மரியாதையாகக் கையை உருவிக்கொண்டார். "வேண்டாமுங்க மேம்சாப். கையைப் பிடிச்சுக்கிட்டு வந்தா என் சம்சாரம் பாத்து வருத்தப்படும்."

நான் இரண்டடி தள்ளி நடந்து வீட்டுக்கு வழி காட்டினேன்.