டயருக்குக் கீழே எலுமிச்சம்பழம்... சீட்டுக்குக் கீழே?

பசங்களா, போன வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டு வாசலில் ஒரு மறியல் நடந்தது. மறியல் செய்தது ஒரே ஒரு ஆள் — நாலாவது படிக்கிற என் மகள் கவிதா.

அன்று என் லோடு வேனுக்குப் பூஜை. புது பெயின்ட் அடித்து, காலையில்தான் ஷெட்டிலிருந்து ஓட்டி வந்து நிறுத்தியிருந்தேன். நல்ல தூறல். கற்பூரம் காட்டி, தேங்காய் உடைத்து, நாலு டயருக்கும் கீழே எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. வண்டியை எடுத்துப் பழத்தை நசுக்கிவிட்டு, நேராக சேதராப்பட்டு கம்பெனிக்கு லோடு ஏற்றப் போக வேண்டியதுதான் பாக்கி.

அந்த நேரம் பார்த்து எங்கள் நாய் மணி, வேனைப் பார்த்துக் குரைக்க ஆரம்பித்தது. விரட்டினால் ஓடும். திரும்ப வந்து டிரைவர் கதவுக்குக் கீழே நின்று குரைக்கும்.

“நல்ல காரியத்துல இது இன்னாப்பா? கட்டிப் போடு அத!” என்றார் பக்கத்து வீட்டு ஏழுமலை அண்ணன்.

கட்டிப் போட்டேன். சாவியை எடுத்தேன்.

“அப்பா, பஞ்ச காணோம்!” — கவிதா. பஞ்சு எங்கள் வெள்ளைப் பூனை.

“வூட்டுக்குள்ள எங்கியாவது தூங்கும். நவுருடி.”

“வூடு பூரா பாத்துட்டேன். மணி சும்மா கொலைக்காது. ஸ்டார்ட் பண்ணாத!”

சொன்னதோடு நின்றாளா? வேனுக்கு முன்னால், ஈரத் தரையில், சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

“ராவுகாலம் வரப் போவுதுப்பா! பொண்ண தூக்கி ஓரமா வுடு” என்று அவசரப்படுத்தினார் அண்ணன்.

“நாலு பழத்தையும் குனிஞ்சு நான்தான வச்சேன்? அடியில ஒண்ணும் இல்லம்மா” என்றேன்.

“நீ பழம் வைக்கத்தான் குனிஞ்ச. பூன பாக்க குனிஞ்சியா?”

மறுபடி குனிந்து பார்த்தேன்; அடியில் இல்லை.

இந்த மாதிரி வேனில் என்ஜின் டிரைவர் சீட்டுக்குக் கீழே இருக்கும். சீட்டைத் தூக்கினேன். ஃபேன் பெல்ட்டை ஒட்டி, வெதுவெதுப்பாகச் சுருண்டு படுத்திருந்தது பஞ்சு. வெள்ளை உடம்பெல்லாம் கிரீஸ். சாவியைத் திருப்பியிருந்தால்... வேண்டாம், அதை எழுத எனக்குக் கை வரவில்லை.

கருவாட்டைக் காட்டிக் கெஞ்சி அதை வெளியே எடுப்பதற்குள் ராகுகாலம் வந்தேவிட்டது. அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். “பூன பெருசா, பொழப்பு பெருசா?”

“பெல்ட் அறுந்தா பொழப்பும் போச்சி பெரியப்பா” என்றாள் கவிதா, பூனையைத் துடைத்துக்கொண்டே.

மழைக்காலத்தில் வண்டிச் சூடு பூனைக்குத் தெரியும். அந்தச் சூட்டுக்குப் பக்கத்தில் என்ன சுற்றும் என்று அதற்குத் தெரியுமா? நாய்க்குட்டிக்கு டயரின் நிழல் தெரியும். டயர் உருளும் என்று தெரியுமா? தெரிந்த நாம்தான் பார்க்க வேண்டும்.

அன்றைக்கே எங்கள் வீட்டில் சட்டம் போட்டாயிற்று. முதலில் வண்டியைப் பலமாகத் தட்ட வேண்டும். குனிந்து பார்க்க வேண்டும், சீட்டைத் தூக்க வேண்டும். அப்புறம்தான் சாவி. மழையோ, அவசரமோ, முகூர்த்தமோ — விலக்கு கிடையாது.

உங்கள் வீட்டிலும் கேளுங்கள். “நேரமாச்சு” என்பார்கள், விடாதீர்கள். ஆனால் வண்டிக்கு முன்னால் மட்டும் உட்காராதீர்கள். கவிதாவுக்கு அதற்குத் தனியாகத் திட்டு விழுந்தது! சாவியை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு அடம் பிடியுங்கள்.

பூனை எதிரே வந்தால் ஊரில் வண்டியை நிறுத்துவார்கள். நான் இப்போது பூனையைக் கண்ணால் பார்த்த பிறகுதான் வண்டியையே எடுக்கிறேன்!