தாந்த் வேறு, தாட் வேறு

சார்மினார் பக்கத்துக் கடைவீதியில், பல் பிடுங்குகிறவர் முன்னால் குந்தியிருக்கிறேன். மதராஸில் ரயிலேறும்போதே பிடித்த கடைவாய்ப்பல் வலி. வழியில் கற்றுக்கொண்ட உருதுச் சொற்கள் இரண்டுதான். முதல் சொல்லைச் சொல்லி வாயைத் திறக்கிறேன்: "தாந்த்."

குறடு நேரே முன்பல்லைக் கவ்வுகிறது.

"நக்கோ! நக்கோ!" 'வேண்டாம்' என்கிற இரண்டாவது சொல் காப்பாற்றுகிறது. வீங்கிய கன்னத்தைக் காட்டுகிறேன்.

"அரே மியான்!" என்று அதட்டுகிறார். தம் முன்பல்லைத் தட்டி, "யே தாந்த்." கடைவாயைத் தட்டி, "யே தாட்!"

"எங்க ஊர்ல எல்லாமே பல்லுதான்யா!" என்று தமிழிலேயே கத்துகிறேன்.

ஒரே இழுப்பு. சொத்தைப் பல் அவர் கையில். வேடிக்கை பார்க்கும் கூட்டத்தை நோக்கிச் சிரிக்கிறேன், இரத்தம் வழிய வழிய, முன்பல் அத்தனையும் தெரிய.