நலங்குக்கு என்னைக் கூப்பிடவில்லை

தங்கச்சி மகளுக்குக் கல்யாணம். ஜோர்ஜ் டவுனில் இருக்கும் சொந்தக்காரர் வீடுகளுக்கெல்லாம் தங்கச்சியும் அவள் கணவரும் வெற்றிலைத் தட்டோடு போய் அழைத்துவிட்டார்கள். அங்கேயே இருக்கும் என் பிளாட்டுக்கு மட்டும் வரவில்லை.

மனசு சுருக்கென்றது. உடனே ஒரு நினைப்பு: என் வீட்டுக்காரர் தவறி இரண்டு வருஷம்தான் ஆகிறது, தாலி இல்லாதவளுக்கு நலங்கில் என்ன வேலை என்று ஒதுக்கிவிட்டாள். அப்படி நினைத்ததும் வயிறு எரிந்தது. வயிறு எரிய எரியப் பழசெல்லாம் கிளம்பி வந்தது. தீபாவளிக்கு வந்தவள் சீக்கிரம் கிளம்பினாளே, அதுவும் இதனால்தான். போனில் "பிஸிலா, அக்கா" என்று வைத்தாளே, அதுவும்தான். பிறகு அவள் கூப்பிட்டபோது நான் போனை எடுக்கவே இல்லை.

எனக்கு இருப்பதோ ஒரே தங்கச்சி. அவள் மகள் நான் தூக்கி வளர்த்த பிள்ளை. நலங்கு அன்று, நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டுவிட்டு வருவோம் என்று கடலைத் தாண்டப் பெர்ரி ஏறினேன். கெப்பாலா பத்தாஸில் தங்கச்சி வீடு போய்ச் சேரும்வரை வசனம் ஒத்திகை பார்த்தேன்.

வாசலில் என்னைக் கண்டதும் தங்கச்சி முந்திக்கொண்டாள்.

"இப்பத்தான் வழி தெரிஞ்சுச்சா? முறுக்கு சுடக்கூட ஒத்தையா நின்னேன்."

"நீ தட்டு வச்சுக் கூப்பிட்டியா?"

"கூடப் பொறந்தவளுக்கு யாராச்சும் தட்டு வைப்பாங்களா? நீ என்கூட தட்டு தூக்கிட்டு வருவேன்னு பார்த்தேன். போனையும் எடுக்கல. என் வீட்டு நல்லது உனக்குப் பிடிக்கலையோன்னு நினைச்சு நினைச்சு அழுதேன்லா."

அவளும் தன் பங்குக்கு ஒரு கதை கட்டி அழுதிருக்கிறாள். வசனத்தை வாசலிலேயே போட்டுவிட்டு அவளைக் கட்டிக்கொண்டேன்.

ஆனால் நினைப்பு லேசில் விடுமா? நலங்கு தொடங்கியதும் சுவரோரமாய்ப் போய் உட்கார்ந்துகொண்டேன். மணப்பெண் தலையைத் திருப்பித் தேடினாள்.

"பெரியம்மா முதல்ல வைக்கட்டும்."

கூடத்தில் யாரோ தொண்டையைக் கனைத்தார்கள். தங்கச்சி வந்து என் கையைப் பிடித்து எழுப்பினாள். நான் வைக்கலாமா, வைக்கலாமா என்று உள்ளே அரித்துக்கொண்டேதான் இருந்தது. கை அதற்குள் சந்தனத்தைத் தொட்டுப் பிள்ளையின் கன்னத்தில் பூசிவிட்டது. அவள் சிரித்தாள். அவளைப் பார்த்து எனக்கும் சிரிப்பு வந்தது, அரிப்பு கொஞ்சம் அடங்கியது.

அவள் மற்றக் கன்னத்தையும் காட்டினாள்.