நுரை வராத தண்ணீர்

2024 ஜூன் 12, புதன்கிழமை, காலை ஆறு நாற்பது. மேகமூட்டம், காற்று உண்டு, மழை இல்லை. நாமக்கல்லில் என் வீட்டுப் பின்கட்டில் உட்கார்ந்து பூந்திக்கொட்டைகளை எண்ணினேன். எழுபத்தொன்று இருக்க வேண்டும். நூற்று இருபத்தேழு இருந்தன. சந்தேகம் தீர மறுபடி எண்ணினேன். அதே நூற்று இருபத்தேழு.

மே மாதம் வீட்டிலிருந்த சோப்பு, ஷாம்பு பிளாஸ்டிக் புட்டிகளைக் கணக்கெடுத்திருந்தேன். குளியலறையில் ஆறு, சமையலறையில் ஐந்து. ஒற்றை ஆளுக்குப் பதினொன்று. பாத்திரம் கழுவும் தண்ணீர் நேராகப் பின்கட்டு வாழைக்குத்தான் போகிறது. அதன் அடிமண் வெள்ளை பூத்துக் கிடந்தது. சேலம் செவ்வாய்ப்பேட்டைக்குப் போய், சோப்புக்குப் பதிலாக ஒரு கிலோ பூந்திக்கொட்டை வாங்கிவந்தேன். வேலைக்கு வரும் பெண்மணி தினம் எட்டுக் கொட்டை எடுத்து மறுநாளைக்கு ஊறப்போட வேண்டும், அந்தத் தண்ணீரில்தான் கழுவ வேண்டும் என்பது ஏற்பாடு.

மனைவி போய் மூன்று வருடம். மகன் புனேயில். நாள் முழுவதற்கும் என்னோடு பேசுகிற ஒரே ஆள் அந்தப் பெண்மணிதான். ஏழு பத்துக்கு வருவாள். முன்பெல்லாம் ஏழு நாற்பத்து மூன்றுக்குக் கிளம்பிவிடுவாள். பூந்திக்கொட்டை வந்த பிறகு ஏழு ஐம்பத்தைந்து ஆனது. ஒரு வாரமாக மறுபடி ஏழு நாற்பத்து மூன்று.

குழாய்க்குப் பின்னால் கைவிட்டுப் பார்த்தேன். காகிதத்தில் சுற்றிய பச்சைச் சோப்புக் கட்டி.

அவள் வந்ததும் அதைத் துவைக்கிற கல்மேல் வைத்தேன். "அம்பத்தாறு கொட்டை மிச்சம் இருக்குது. ஏழு நாளா ஏமாத்தியிருக்கறே, அம்மிணி."

"ஏனுங்க ஐயா, கொட்டையெல்லாமா எண்ணுவாங்க? ஊட்ல வேற சோலி இல்லீங்களா?"

"எண்ணாம எப்படித் தெரியும்?"

"நொரையே வராத தண்ணில எண்ணெச் சட்டிய எத்தன வாட்டிங்க தேய்க்கறது? இங்க லேட்டானா அடுத்த ஊட்டம்மா வாசல்லயே நிக்குது. உங்க வாழைக்கு நல்லதுதானுங்க. என்ற தோள்பட்டைக்கு?"

"சொல்லியிருக்கலாமில்ல? திருட்டுத்தனம் எதுக்கு?"

அந்தச் சொல்லை நான் சொல்லியிருக்கக் கூடாது. அவள் சோப்பை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். "இது என்ற காசுங்க. நீங்க வேற ஆளப் பாத்துக்குங்க."

நான்கு நாள் நானே கழுவினேன். இரண்டு தட்டு, மூன்று டம்ளர், ஒரு வாணலி, முப்பத்தொரு நிமிடம். வாணலியின் பிசுக்கு போகவே இல்லை. கைதான் வலித்தது. பால்காரரிடம் "அரை லிட்டர்" என்பதைத் தவிர நான்காம் நாள் நான் வாய் திறக்கவில்லை. பூந்திக்கொட்டையால் கூடிய பன்னிரண்டு நிமிடத்தில் அவள் மகளின் நர்சிங் படிப்பையும் ஆடு குட்டி போட்டதையும் சொல்வாள். நான் வாழைக்காக மட்டும் பிடிவாதம் பிடிக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

ஐந்தாம் நாள் அவள் வீட்டுக்கு நடந்தேன். தெருக்குழாயடியில் கை நிறைய நுரையோடு தன் வீட்டு ஏனங்களைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"வாங்க சாமி. கொட்டைய எண்ணி முடிச்சாச்சுங்களா?"

"அப்படிப் பேசினது தப்பு அம்மிணி. பன்னெண்டு நிமிசம் கூட ஆகுது, வாஸ்தவம். அதுக்கும் சம்பளம் போட்டுத் தர்றேன். நிமிசக் கணக்கு எழுதிட்டு வந்திருக்கறேன்."

சட்டைப்பையிலிருந்து நான் எடுத்த காகிதத்தை அவள் வாங்கவில்லை. ஈரக்கையைக் காட்டினாள்.

"அத நீங்களே வெச்சுக்குங்க. எண்ணெச் சட்டிக்குப் பூந்திக்கொட்ட ஆகாது. அரப்புப் போட்டாப் பிசுக்கு ஓடிரும். தலைக்குத் தேய்க்கற அதே அரப்புத்தானுங்க. இத்தன படிச்சீங்க, அது தெரியாதுங்களா?"

தெரியும். தீபாவளிக்குத் தீபாவளி அதைத் தேய்த்துக் குளித்தவன்தான். வாணலிக்குப் போடலாம் என்று தோன்றவில்லை.

"அப்ப நாளைக்கு வருவியா?"

"மாசம் நானூறு சேத்திக் குடுங்க. அடுத்த ஊட்டுக்கு அர மணி தள்ளி வாரேன்னு சொல்லிக்கறேன். ஆனா ஒண்ணு, கொட்டைய எண்ணக் கூடாது."

சம்மதித்தேன். மறுநாள் ஏழு பத்துக்கு வந்தாள். எட்டு மணிக்குத்தான் கிளம்பினாள்.

பூந்திக்கொட்டை நானூற்று இருபது, சேலம் போய்வர பஸ்ஸுக்கு நூற்றுப்பத்து, அரப்பு அறுபது, சம்பளத்தில் கூடியது நானூறு. ஆக முதல் மாதம், தொள்ளாயிரத்துத் தொண்ணூறு ரூபாய்.