இன்னும் ஒரே ஒரு சீவு

காலையில் பல் துலக்குவதற்கு முன்பே வாத்தியார் உளி தீட்டிவிடுகிறார். தீட்டியதும் அதன் முனையை இடது முன்கையில் வைத்து ஓர் இழுப்பு. மயிர் உதிர்ந்தால் உளி தேர்ச்சி. உளிகள் இப்படி அன்றாடம் தேர்ச்சி பெற்றதில் அவருடைய இடது முன்கை கைக்குழந்தையின் கன்னம்போல மழமழவென்று ஆகிவிட்டது. வலது கையில் மட்டும் காடு மண்டிக் கிடக்கிறது. பிறகு கைபேசியை வாயருகே பிடித்து, தம்முடைய மரவேலை வாட்ஸ்அப் குழுவுக்கு அன்றைய அருளுரை: "வணக்கம் நண்பர்களே! மரம் பேசும். நாமதான் வாயை மூடிக்கிட்டுக் கேக்கணும்." வாயை மூடுவதைப் பற்றி அவர் பேசி முடிக்கக் கால் மணி நேரம் ஆகும்.

வாத்தியார் என்பது குழு கொடுத்த பட்டம். பிழைப்பு என்னவோ காப்பீட்டு அலுவலகத்தில் மேலாளர் நாற்காலி. வீட்டில் கார் நிறுத்துமிடம்தான் பட்டறை. கார் தெருவில் நின்று வெயிலில் காய்கிறது, மழையில் நனைகிறது. உள்ளே இழைப்புளிகள் பெரியதும் சிறியதுமாக, குடும்பப் படத்துக்கு நிற்பதுபோலச் சுவரோரம் வரிசை கட்டி நிற்கின்றன.

யார் என்ன கேட்டாலும் முதல் பதில், "உளி தீட்டினீங்களா?" கதவு சாத்தவில்லை என்றாலும் அதுதான், கட்டில் கிறீச்சிடுகிறது என்றாலும் அதுதான். ஒருவர் விரலை வெட்டிக்கொண்டு ரத்தத்தோடு படம் போட்டார். "நல்லாத் தீட்டியிருக்கீங்க, வாழ்த்துகள்" என்று பதில் வந்தது. ஆணி என்ற சொல்லை மட்டும் அங்கே எடுக்கக் கூடாது. "ஆணியா? ஆணி அடிக்கணும்னா காலண்டர் மாட்டுங்க. மரத்தை விட்டுடுங்க!"

இப்பேர்ப்பட்டவரைப் பற்றித்தான் குழுவுக்குள் ஒரு வதந்தி கிளம்பியது: அவர் கையால் செய்த சாமான் ஒன்றுகூட அவர் வீட்டில் கிடையாதாம்.

மருந்துக்கடை அம்மா இதை நம்பவில்லை. குழுவில் வாத்தியாருக்கு வாய்த்த தலைமைச் சீடர் அவர். புதிதாகச் சேருகிறவர்களிடம் "உளி தீட்டினீங்களா?" என்று வாத்தியாரை முந்திக்கொண்டு கேட்பவர். ஆனாலும் நேரில் போய்ப் பார்த்துவிடுவது என்று கிளம்பினார். போவதற்கு வேறொரு காரணமும் இருந்தது.

அவருடைய மகளுக்குப் பொதுத்தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. கட்டிலில் குப்புறப் படுத்துப் படித்துப் படித்துப் பெண்ணுக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது. "படிக்கற மேசை கடையில வாங்க வேண்டாம். அம்மா செஞ்சு தரேன், பாரு" என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டு நல்ல தேக்குப் பலகை ஒன்றை வாங்கி வந்து, படம் எடுத்துக் குழுவில் போட்டார்.

"நடுவுல மேடு இருக்கு மேடம். இன்னும் ஒரே ஒரு சீவு."

நடுவைச் சீவினார். ஓரம் மேடாகத் தெரிந்தது. "இன்னும் ஒரே ஒரு சீவு." ஓரத்தைச் சீவினார். ஒரு மூலை தூக்கிக்கொண்டது. திருப்பிப் போட்டால் அடிப்பக்கம் வேறு கதை. "விட்டுடாதீங்க, மரம் உங்களைச் சோதிக்குது." கடையை அடைத்துவிட்டு வந்து மாலையெல்லாம் சீவினார். மரச்சுருள் படுக்கைவரைக்கும் வந்தது. கடைசியில் ரசமட்டத்தின் குமிழி நட்டநடுவில் அசையாமல் நின்றது. பலகைக்குக் கால் பொருத்தி மகளைக் கூப்பிட்டார். அவள் புத்தகங்களை மேலே வைத்தாள். பலகை துணி காயப்போட்ட கொடிக்கயிறுபோலத் தொய்ந்தது.

"ஏம்மா, இது பலகையா, அட்டையா?"

அந்தப் படத்தையும் குழுவில் போட்டார். வாத்தியார் உற்றுப் பார்த்துச் சொன்னார்: "மட்டம் பிரமாதம்!"

"பலகையே போச்சே சார்."

"அட, விடுங்க மேடம். என்கிட்ட இல்லாத பலகையா? ஒண்ணு நான் தரேன். ஞாயித்துக்கிழமை வாங்க." குழுவே கைதட்டியது. வள்ளல்!

ஞாயிற்றுக்கிழமை கதவைத் திறந்தவர் வாத்தியாரின் மனைவி. கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள். சாப்பாட்டு மேசையின் அடியில் கடைக்காரர் ஒட்டிய விலைச்சீட்டு இன்னும் உரியாமல் இருந்தது.

"சார் செஞ்சதெல்லாம் எங்க இருக்குக்கா?"

"அவரா? முதல்ல மேசை செய்யறதுக்கு ஒரு மேசை செஞ்சாரு. அந்த மேசையில வைக்க உளிக்கு ஒரு பெட்டி. பெட்டியை வைக்க ஒரு அலமாரி. அலமாரி உள்ள போகலேன்னு வாசலை இடிச்சாரு. எல்லாம் பட்டறையிலதான் இருக்கு, போய்ப் பாரு. நான் கரண்டி மாட்ட ஒரு துண்டுப் பலகை கேட்டேன். அப்ப என் பொண்ணு தவழ்ந்துக்கிட்டு இருந்தா. இப்ப வேலைக்குப் போறா."

சமையலறை மூலையில் ஒரு முக்காலி தெரிந்தது. மருந்துக்கடை அம்மாவின் முகம் மலர்ந்தது. "அப்ப இது?"

"அது நான் பண்ணினது. அவரு ஆபீஸ் போயிருந்தப்போ, அவரு கழிச்சுப் போட்ட கட்டையில. யாராவது வந்தா உள்ள தள்ளி வைம்பாரு. பல்பு மாத்தணும்னா மட்டும் இதுமேலதான் ஏறுவாரு."

மருந்துக்கடை அம்மா அதன்மேல் உட்கார்ந்து பார்த்தார். ஆடவில்லை, அசையவில்லை.

"உன் பொண்ணுக்கு மேசைதானே? அந்தப் பலகைக்கு அடியில ரெண்டு கட்டையைக் குடுத்து நாலு ஆணி அடி. முடிஞ்சுது."

"ஆணியா!" மருந்துக்கடை அம்மா சூடு பட்டவர்போல எழுந்துகொண்டார். சீடர் என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும்? வதந்தியைச் சரிபார்த்தாயிற்று, சாட்சியின்மேல் உட்கார்ந்தும் பார்த்தாயிற்று. விசுவாசம் மட்டும் கடுகளவும் குறையவில்லை.

பட்டறையின் பின்சுவரோரம் நீலத் தார்ப்பாய் மூடிய குவியல் ஒன்று இருந்தது. வாத்தியார் அதை விலக்கினார். பலகைகள்! ஒன்றின்மேல் ஒன்று, இடையிடையே சட்டம் கொடுத்து, இடுப்புயரத்துக்கு.

"இது எடுத்துக்கட்டுமா சார்?"

"ஐயய்யோ, அது பெரிய வேலைக்கு வச்சிருக்கேன்."

"அப்ப இது?"

"அதோட ரேகையைப் பாருங்க. இதைப் போய் அறுக்க மனசு வருமா?"

"எதுவா இருந்தாலும் சரி சார். பரீட்சை வந்துடுச்சு. பொண்ணு கடையில மருந்து குடுக்கற கண்ணாடிமேல நோட்டை வச்சுக்கிட்டு, நின்னுக்கிட்டே படிக்கறா. இருமல் மருந்து கேட்டு வர்றவங்க அவ புத்தகத்தை நகத்திட்டுச் சீட்டை நீட்டறாங்க."

வாத்தியார் நெகிழ்ந்துபோனார். அடியிலிருந்து ஒரு பலகையைப் பாதிவரை வெளியே இழுத்தார். மருந்துக்கடை அம்மா இரண்டு கைகளையும் நீட்டினார். வாத்தியார் பலகையை விரல் மடக்கித் தட்டி, காதை வைத்து, கண்ணை மூடிக்கொண்டார்.

"உள்ளே ஈரம் இருக்கு மேடம்."

"எப்ப சார் காயும்?"

"அவசரப்படுத்தக் கூடாது. ஆனா சொன்ன சொல் சொன்னதுதான். இது உங்க பலகை. நான் உங்களுக்குக் கடன்பட்டவன்."

சொல்லிவிட்டுப் பலகையை உள்ளே தள்ளினார். தார்ப்பாயை இழுத்துப் போர்த்தி, காற்றுப் புகாதபடி நான்கு மூலைகளையும் அடியில் செருகி, மேலே இரண்டு தட்டுத் தட்டிக்கொடுத்தார்.