சொக்கிலேற்றுக்குப் பத்தியம் என்ன?

சாமான் விற்கிற தொழிலில் சாமானைச் சுமப்பது லேசு. அதோடு சேர்ந்து வருகிற கதையைச் சுமப்பதுதான் முதுகை முறிக்கும். நான் இரண்டையும் சுமந்தவன். பனையோலைக் கடகத்தைத் தலையில் வைத்துக்கொண்டு ஊசி, நூல், சீப்பு, கண்ணாடி என்று வீடு வீடாகத் திரிந்து, நாய்க்கடியும் வசவும் வாங்கி, கடைசியில் யாழ்ப்பாணம் பெரியகடையில் ஒற்றைக் கதவுக் கடை ஒன்று பிடித்தேன். பள்ளிக்கூடம் எனக்குக் கணக்குப் படிப்பிக்கவில்லை. விலை கேட்ட பெண்டுகள் படிப்பித்தார்கள். கோபம் மட்டும் ஒருவரும் படிப்பிக்காமல் தானாக வந்தது. என்னைப்போலக் கடை திறந்து, வாய் வலிக்கக் கதைத்து, வயிறெரிந்த சகோதரங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்கள் வாசித்தால் சிரிப்பார்கள். நீங்கள் தலையில் கை வைப்பீர்கள்.

இது இரண்டாம் உலகச் சண்டை துவங்குவதற்குச் சில வருஷம் முந்திய கதை. எதிர்க்கடைக்காரருக்குப் பிஸ்கற் ஏசென்சி, அதாவது தனி விற்பனை உரிமை, கிடைத்து, ஆள் உயரப் பலகை ஒன்றைத் தொங்கவிட்டிருந்தார். கடைக் கதவைத் திறந்தால் அந்தப் பலகையில்தான் நான் முழிக்க வேண்டும். குடாநாடு முழுவதற்கும் விற்க இந்தச் செல்லையா ஒருவன்தான் என்று எனக்கும் ஒரு ஏசென்சி, எனக்கும் ஒரு பலகை. வேறு ஆசை ஒன்றும் அப்போது எனக்கு இருக்கவில்லை. அந்த நேரம் பார்த்துத்தான் கறுத்தச் சொக்கிலேற் வந்து சேர்ந்தது.

ஆறு வருத்தமும் ஒரு பேரமும்

கொண்டு வந்தவர் கொழும்புக் கொம்பனி ஒன்றின் ஆள், துரைசிங்கம். எங்கள் பக்கத்துப் பெடியன்தான். கழுத்துப்பட்டி கட்டியதும் தமிழும் கொஞ்சம் இறுகிப்போயிருந்தது. வெள்ளித்தாளைப் பிரித்து ஒரு துண்டு நீட்டினார். வாயில் போட்டேன். கருகிய கோப்பிக்கொட்டைக்குச் சீனியைத் தூரத்தில் நின்று காட்டிவிட்டு எடுத்ததுபோல் ஒரு கசப்பு. "உது பால் போட்ட சின்னப்பிள்ளைச் சொக்கிலேற் இல்லை அண்ணை, ஆரோக்கியம்!" என்று சொல்லி விரல்களை மடக்கத் தொடங்கினார். இரத்தம் ஊறுமாம், இருதயம் பலக்குமாம், நரம்பு அமருமாம், மூளை தெளியுமாம், உடம்பு உரமேறுமாம், சமிபாடு சீராகுமாம். ஆறு நோய்க்கும் ஒரே மருந்தாம்.

எனக்குக் கோபம் ஏறிவிட்டது. "தம்பி, ஒரு சாமான் ஆறு வருத்தத்துக்கு எண்டு சொன்னால் சனம் ஒண்டுக்கும் வாங்காது. ரண்டைச் சொல்லும்."

"அஞ்சு, அண்ணை."

"இரத்தத்துக்கு முருங்கை வேலியிலை நிக்குது, அதை விடும். சமிபாட்டுக்கு ஓமம் இருக்கு, அதையும் விடும். மூளைக்கு இஞ்சை ஒருத்தரும் வாங்காயினம். தங்களுக்கு இருக்கிறதே கூட எண்டு நினைக்கிற ஊர் இது."

இருதயம், நரம்பு, பலம் என்று மூன்றில் வந்து நின்றோம். சித்திரை பிறக்க முன் தான் திரும்பி வருவதாகச் சொன்னார் துரைசிங்கம். குணம் கண்டவர்கள் தங்கள் வாயால் சொல்ல, தான் தன் காதால் கேட்டால், குடாநாட்டு ஏசென்சி எனக்குத்தான். தொப்பியைப் போட்டுக்கொண்டு படியிறங்கும்போது ஒன்று சொன்னார்:

"விலையிலை அடிச்சுப் பேசின ஆக்களைக் கண்டிருக்கிறன் அண்ணை. வருத்தத்திலை அடிச்சுப் பேசினது நீங்கள் ஒருத்தர்தான்."

பத்தியம் இல்லாத குற்றம்

பெட்டியைப் பிரித்து, கட்டிகள் உருகாமல் ஈரமணலில் புதைத்த மண்முட்டிக்குள் வைத்தேன். கொம்பனி சொல்லித் தந்தபடியே, "பத்தியமில்லாத மருந்து! பத்தியமில்லாத மருந்து!" என்று கூவினேன். சகோதரங்களே, யாழ்ப்பாணத்தில் ஒரு சாமானை விற்காமல் வைத்திருக்க விருப்பமென்றால் இப்படிக் கூவுங்கள்.

பட்டணத்துக்குப் பக்கத்துத் திருநெல்வேலியிலிருந்து மரக்கறி கொண்டுவரும் கமக்காரர் ஒருவர் கட்டியை எடுத்தார், மணந்தார், திருப்பிப் பார்த்தார். புளி விடவேண்டுமோ என்று கேட்டார். தேவையில்லை என்றேன். கத்தரிக்காய்? தாராளமாய்ச் சாப்பிடலாம். முழுக்கு? தினமும் முழுகலாம். அவருடைய முகம் ஒவ்வொரு பதிலுக்கும் விழுந்துகொண்டே போனது. கட்டியை முட்டிக்குள் பழையபடி வைத்துவிட்டு, கையை வேட்டியில் துடைத்தார்.

"பத்தியம் இல்லாட்டில் அது பலகாரம், தம்பி. பலகாரம் எங்கடை வீட்டிலையும் சுடுகினம்."

பலம் ஏறிய கப்பல்

பலத்துக்குச் சாட்சி தேடி வல்வெட்டித்துறைத் தண்டையல் ஒருவரைப் பிடித்தேன். இந்தியக் கரைக்குப் பாய்க்கப்பல் ஓட்டுகிறவர். என்னைவிடப் பெரிய குரல். "பாய் இழுக்கிற பெடியளுக்கு ஆளுக்கொரு துண்டு குடுங்கோ, பிறகு கப்பல் தானாய்ப் பறக்கும்," என்றேன். அரை நாள் பேரம் பேசிக் கொஞ்சக் கட்டிகள் வாங்கிப் போனார்.

பயணம் முடிந்து திரும்பியதும் நேரே கடைக்கு வந்தார். வெயிலில் சொக்கிலேற் உருகி, பாயிலெல்லாம் அப்பி, கீழ்த்தட்டெல்லாம் ஓடியிருக்கிறது. அதை மணந்து கரையிலிருந்து ஏறிய எறும்புப் படை கடல் தாண்டியும் இறங்கவில்லையாம். பெடியள் கயிறு இழுத்ததைவிடச் சொறிந்ததுதான் அதிகமாம். நானும் விடவில்லை. "சாமானிலை பிழையில்லை, வைச்ச இடம் பிழை!" என்று கத்தினேன். அவர் கத்தவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

"பலம் வந்தது உண்மைதான் செல்லையா, ஆனால் எறும்புக்கு. என்ரை கப்பலிலை சம்பளத்துக்கு நிக்கிறது மனிசர்."

நரம்பு அமர்ந்த விதம்

அடுத்தது நரம்பு. மிஷன் பெண்கள் பள்ளிக்கூடத்து ரீச்சர் ஒருவர் தைலம் வாங்க வருவார். பிள்ளைகளின் சத்தத்தால் தலை இடிக்கிறது, இரவில் நித்திரை குறைவு என்பார். தமிழ், இங்கிலிஷ் இரண்டிலும் மரியாதையாகக் கதைக்கிற மனிசி. இவர் சாட்சி சொன்னால் துரைசிங்கம் எழும்பி நின்றே கேட்பார் என்று நினைத்து, "படுக்கப்போக முன் ஒரு கட்டி சாப்பிடுங்கோ ரீச்சர், நரம்பெல்லாம் அமந்துபோகும்," என்று விற்றேன்.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டதும் வந்தார். கண் இரண்டும் செவ்விளநீர் நிறம். விடியும்வரை ஒரு பொட்டுக் கண் மூடவில்லையாம். நெஞ்சு வேறு தட்டியதாம். அந்த நேரத்தில் மூன்று வகுப்புக் கொப்பிகளையும் திருத்தி முடித்துவிட்டாராம். "அப்ப வேலையாவது முடிஞ்சுதே ரீச்சர்," என்று அசட்டுத்தனமாகச் சொல்லிவைத்தேன். அவர் குடையை விரித்துக்கொண்டே, குரல் உயர்த்தாமல் சொன்னார்:

"என்ரை நரம்பு சொல்லுற சாட்சிதான் உங்களுக்கு வேணுமெண்டால், இப்பவே சொல்லுறன். ஆனால் நான் கிறிஸ்தவப் பெண், அந்தச் சொல்லுகள் என்ரை வாயிலை வராது."

நான் கட்டிய பத்தியம்

மூன்றில் இரண்டு போயிற்று. மிஞ்சியது இருதயம். மூன்றைப் பேரம் பேசி ஒன்றாக்க என்னால் முடியும்; ஒன்றை ஒன்றுமில்லாமல் ஆக்கினால் ஏசென்சி போய்விடும்.

அரியாலையில் சுருட்டுக்கொட்டில் வைத்திருந்த கணபதிப்பிள்ளை அண்ணைக்கு நெஞ்சுப் படபடப்பு. நாலு எட்டு நடந்தால் மூச்சு வாங்கும் என்று, சந்திக்குப் போவதற்கும் திருக்கல் மாட்டுவண்டி கட்டுவார். பரிகாரியார் மருந்தும் தந்து, சுருட்டை விடு, கள்ளை விடு, பொரியலை விடு, தினமும் நட என்று தொண்டை வற்றச் சொல்லிவிட்டார். அண்ணை மருந்தை மட்டும் குடித்தார். சொக்கிலேற்றைப் பற்றிக் கேள்விப்பட்டு வண்டியில் வந்திறங்கியவர், கமக்காரர் கேட்ட அதே கேள்வியைத்தான் கேட்டார்: "பத்தியம் என்ன, செல்லையா?"

இந்தத் தடவை நான் ஏமாறவில்லை. குரலைத் தாழ்த்தினேன். "கடும் பத்தியம் அண்ணை. உங்களாலை ஏலாது. வேண்டாம், விடுங்கோ."

"ஆருக்கு ஏலாது? சொல்லடாப்பா!"

பரிகாரியார் சொன்னதையே வரிசை மாற்றிச் சொன்னேன். சுருட்டு மணமும் படக்கூடாது. கள்ளுத் தவறணைப் பக்கம் தலை திரும்பக்கூடாது. பொரியல் ஆகாது. விடியக் காலமை நல்லூருக்கு நடந்துபோய் நடந்து வரவேணும். என் பங்குக்கும் ஒன்று சேர்த்தேன்: கோபப்படவே கூடாது. இதெல்லாம் செய்து, காலையில் ஒரு துண்டு. பரிகாரியாரின் மருந்தையும் விடக்கூடாது. அண்ணையின் முகம் மலர்ந்துபோனது. கூட வந்த மனைவி பொன்னம்மாக்காவிடம் கட்டியைக் கொடுத்துவிட்டுப் பெருமையோடு சொன்னார்:

"பாத்தியே, இதல்லோ மருந்து! அந்தப் பரிகாரி சும்மா வாயாலை சொன்னவன்."

சாட்சி

பங்குனி முழுக்கப் பொன்னம்மாக்கா கட்டி வாங்க வந்தார். முதலில் கிழமைக்கு ஒருக்கால், பிறகு ஒன்றுவிட்ட ஒரு நாள். இவ்வளவு ஒழுங்காக மருந்து தின்கிற நோயாளி எனக்கு வாய்த்தாரே என்று நான் மகிழ்ந்துபோனேன்.

துரைசிங்கம் சொன்னபடி வந்தார். கணபதிப்பிள்ளை அண்ணையும் வந்தார், அதுவும் அரியாலையிலிருந்து நடந்து. வண்டியில்லை, இளைப்பில்லை. வயிறு வற்றி, வேட்டி இரண்டு சுற்றுக் கூடச் சுற்றியிருந்தது. "நெஞ்சு இப்ப மணிக்கூடு மாதிரி ஓடுது தம்பி. எல்லாம் உந்தச் சொக்கிலேற்!" என்று கடை அதிரச் சொன்னார். துரைசிங்கம் பேனையைத் திறந்தார். எதிர்க்கடைக்காரர் தன் பலகைக்குக் கீழே நின்று எட்டிப் பார்த்தார். அந்த நிமிஷம் நான் குடாநாட்டு ஏசென்சிக்காரன்.

பின்னால் ஒரு சிரிப்புக் கேட்டது. பொன்னம்மாக்கா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்.

"என்னக்கா?" என்றேன்.

"கோவிக்காதையுங்கோ. வெள்ளைக்காரன்ரை சாமான், என்ன கொழுப்புக் கலந்திருக்கோ எண்டு இவருக்குக் குடுக்க முதல் நான் ஒரு துண்டு திண்டு பாத்தனான். திண்டாப் பிறகு குடுக்க மனம் வரேல்லை. வெந்தயமும் பனங்கட்டியும் கருக்கி இடிச்சு, அந்த வெள்ளித்தாளிலையே சுத்திக் குடுத்தனான். சொக்கிலேற்றை நான் திண்டன். பத்தியத்தை இவர் காத்தார்."

அண்ணையின் கழுத்து நரம்பு புடைத்தது. நான் கையை உயர்த்தினேன்: "அண்ணை, கோபப்படக்கூடாது! பத்தியம்!" அவர் கண்ணை இறுக மூடி, மூச்சை உள்ளே இழுத்து, பல்லைக் கடித்தபடி சொன்னார்:

"பத்தியம் முடியட்டும் பொன்னம்மா, பேந்து கதைக்கிறன்."

ருசிக்கு ஏசென்சி இல்லை

துரைசிங்கம் நம்பிக்கை விடவில்லை. "உங்களுக்கு என்ன வருத்தம் மாறினது அக்கா?" என்று பொன்னம்மாக்காவைக் கேட்டார். "எனக்கென்ன வருத்தம்? கல்லு மாதிரி இருக்கிறன். ருசியாய் இருந்துது, திண்டன்." பிறகு துரைசிங்கம் என்னை ஒரு பக்கமாய் இழுத்தார். அக்கா சொன்னதை ஒருவருக்கும் சொல்லத் தேவையில்லை. அண்ணைக்குச் சுகம் வந்தது உண்மைதானே. 'இருதயத்துக்கு உகந்தது, செல்லையா உத்தரவாதம்' என்று பலகை எழுதுவோம். ஏசென்சி இன்றைக்கே உங்களுக்கு என்றார்.

எதிரே தொங்கிய பலகையைப் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டு நின்ற கணபதிப்பிள்ளை அண்ணையையும் பார்த்தேன். கோபம் உச்சியில் ஏறியது.

"உத்தரவாதம் எண்டு என்ரை பேரைப் போட்டு, நாளைக்கு இந்த மனிசன் பத்தியத்தையும் மருந்தையும் விட்டிட்டு உதைத் திண்டு விழுந்தால்? பொன்னம்மாக்கா உம்மைத் தேடிக் கொழும்புக்கோ வருவா? விளக்குமாத்தோடை இஞ்சைதான் வருவா! 'வாய்க்கு ருசி' எண்டு எழுதும், கீழை என்ரை பேர், பேரப்பிள்ளையின்ரை பேர், எல்லாம் போடுறன்." ஒரு பக்கத்தில் 'வாய்க்கு', மறுபக்கத்தில் சின்ன எழுத்தில் 'இருதயத்துக்கு' என்று போடுவோம் என்றார் அவர். மாட்டேன் என்றேன். என் வாழ்நாளில் பாதி வழிக்கு இறங்கி வராத பேரம் அது ஒன்றுதான். பேனையை மூடிச் சட்டைப்பையில் செருகினார் துரைசிங்கம்.

"ருசிக்கு ஏசென்சி இல்லை அண்ணை."

அப்படியே தெருவைக் கடந்து எதிர்க்கடைப் படியேறினார். நான் பார்த்துக்கொண்டு நிற்க, பொன்னம்மாக்கா முட்டிக்குள் கைவிட்டு ஒரு கட்டியை எடுத்தார். "தம்பி, இவ்வளவு நாளும் மருந்தெண்டு விலை சொன்னியள். இப்ப நீங்களே மருந்தில்லை எண்டிட்டியள். ருசிக்கு எவ்வளவு குறைப்பியள்?"

குறைத்தேன். வேறு என்ன செய்ய?

எதிரே தொங்கிய பலகை

சித்திரை பிறந்தபோது எதிர்க்கடையில் இரண்டாவது பலகையும் ஏறிவிட்டது. கறுப்பு நிறத்தில் ஒரு பெரிய இருதயம், கீழே உத்தரவாதம். நான் அந்தப் பக்கம் பார்ப்பதில்லை என்று கதிரையைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்திருந்தேன். முன்பின் தெரியாத ஒருவர், வெள்ளித்தாள் மினுங்கும் பொட்டலத்தோடு என் கடைப் படியில் ஏறினார்.

"சாமானை எதிர்க்கடையிலை வாங்கிப்போட்டன் அண்ணை. பத்தியத்தை உங்களிட்டைக் கேக்கச் சொன்னார் அந்தக் கடைக்காரர்."

ஆக, சகோதரங்களே, கறுத்தச் சொக்கிலேற் எவருடைய இருதயத்துக்கு நல்லதோ எனக்குத் தெரியாது, அந்தப் பலகை கண்ணில் படும்போதெல்லாம் என் இருதயம் படபடப்பதற்கு அது ஒன்றுதான் காரணம் என்று மட்டும் எந்தக் கோயில் வாசலிலும் சத்தியம் செய்வேன்.